சாம்பல் போட்ட மரம்

செல்வி, மணி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

செடிக் கடையை உங்கள் கையில் கொடுத்த அன்று ஒரு நோட்டில் வீட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். எந்த வீட்டில் எத்தனை தொட்டி, எந்த நாள் போக வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் அதில் இருக்கிறது. மண் கலப்பதும் ஒட்டுக் கட்டுவதும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணியின் கை என் கையைவிடச் சுத்தம். ஆனால் லத்தா பேட்டையில் உள்ள வீட்டுக்கு நேராக மட்டும் “ஐந்தாம் மாடி, மொய்தீன் பாய், ஒரு மரம், வியாழன்” என்று எழுதி நிறுத்திவிட்டேன். முழங்கால் ஒத்துழைத்தவரை அந்த ஒரு வீட்டுக்கு நானே போய்க்கொண்டிருந்தேன். இனி முடியாது. அந்தப் படிகளை ஏறி இறங்கினால் இரண்டு நாள் உங்கள் அம்மா தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. வருகிற வாரத்திலிருந்து மணிதான் போகப் போகிறான். அதனால் அந்த மரத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

நான் ஏழாவது வரை பர்மியப் பள்ளியிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் தமிழ் வகுப்பிலும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள். மணி, தடுக்கினால் அக்காவைக் கேள். “எதுக்குப்பா எழுதிக்கிட்டு, போன்ல பேசி அனுப்புங்க” என்று செல்வி சொன்னாள். பேசினால் நான் நடுவில் வேறு எங்கேயாவது போய்விடுவேன். அதோடு, இதில் செல்விக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் பழைய அவமானம் ஒன்று. அது பின்னால் உதவும். நான் வேலை தொடங்கிய முதல் வருடம், டோ மியா என்ற பர்மிய அம்மாவின் வாசலில் ஒரு அலரி மரம் நின்றது. புத்தர் கோயில்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்குமே, அந்த வகை. வெயில் தொடங்கும் மாதத்தில் ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக இருந்தது. செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, வெட்டித் தெருக்கோடிக் குப்பையில் போட்டேன். மழை வந்ததும் அது குப்பைமேட்டில் கிடந்தபடியே இலை விட்டுப் பூத்தது. டோ மியா போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார். “எங்க ஸயா கைராசி பாருங்க. வீட்டுல வச்சா சாகும், குப்பையில போட்டா பூக்கும்.” ஸயா என்று வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையோடுதான் சொல்வார், அதுதான் இன்னும் வலிக்கும். அன்றிலிருந்து எந்த மரத்தையும் செத்தது என்று சொல்லும் முன் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த ஒரு பாடத்தோடு முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். அது மட்டும் போதாது என்று லத்தாவில்தான் தெரிந்தது.

மொய்தீன் பாயைச் சந்தையில் ஊ தின் மௌங் என்ற பர்மியப் பெயரைச் சொன்னால்தான் தெரியும். பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் பார்த்தவர். கடையைத் தம்பி மக்களிடம் விட்டுவிட்டு மாடியில் தனியாக இருந்தார். மனைவி இறந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் நூர்ஜஹான், வீட்டில் நூரு. அமெரிக்காவில் மேற்குப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள். படிக்கப் போன இடத்தில் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து பாய் அவளோடு பேச்சில்லை. அவள் அம்மா, அவர்கள் சொல்லில் உம்மா, மட்டும் பேசிக்கொண்டிருந்தார். உம்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. ஏதோ பயணக் காகிதம் சரியாகவில்லையாம். பாய்க்கு அது காரணமாகவே படவில்லை. அவள் கூப்பிட்ட போனை எடுக்கவில்லை. பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் நான் ஒரே நாளில் தெரிந்துகொண்டதல்ல. மாடியில் இருந்த கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் பார்க்கத்தான் வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பாய் ஃப்ரிட்ஜைத் திறந்து, கொத்தமல்லிக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஈரத்தில் ஊறி, கொத்தமல்லி வாசம் அடித்தது.

“அங்கேருந்து வந்த ஆள்கிட்ட குடுத்துவுட்டிருக்கா. வெத. மழக்காலத்துல வந்துச்சு. எறும்பு திங்கும்னு உள்ள வச்சேன்.”

“மழக்காலத்துலயா? இப்ப பனி முடியப் போவுதே பாய்.”

“ஆமா. போடவா தூக்கி எறியவான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

உறையை முழுதாக என் கையில் தரவில்லை. மடித்த பாதியை மட்டும் காட்டினார். நூருவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பாய் பர்மியம் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். சரக்குப் பெட்டிகளில் பார்த்த எழுத்தாவது வாப்பாவுக்குப் புரியும் என்று நினைத்திருப்பாள். மூன்று சொல், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஆஷ். டிரை. சன்.

“என்ன போட்டுருக்கு, கோ ராமு?” பர்மியர் அண்ணனைக் கூப்பிடுகிற ‘கோ’ போட்டுத்தான் பாயும் என்னைக் கூப்பிடுவார்.

என் இங்கிலீஷ் உர மூட்டையிலும் மருந்து பாட்டிலிலும் படித்த இங்கிலீஷ். உமிச்சாம்பல் மூட்டையில் ஆஷ் என்று அச்சடித்திருப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“எப்பிடி வளக்கணும்னு எழுதியிருக்கு பாய். ஆஷ்னா சாம்பல். சாம்பல் போடணும். டிரைன்னா தண்ணி கொறச்சுக் காய்ச்சலா வைக்கணும். சன்னுன்னா வெயில்.”

பாய் மாடிக் கதவு வழியாகக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார்.

“அவ உம்மா அதுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அடுப்புச் சாம்பல் போடுவா. இந்தப் புள்ள பக்கத்துல குந்திக்கிட்டு, நான் போடுறேன் நான் போடுறேன்னு மூஞ்சியெல்லாம் பூசிக்கும்.” அதைப் பார்த்தபடியே, “மறக்கல போல” என்றார்.

விதை ஒற்றைச் சிறகு வைத்த மாதிரி இருந்தது. ஏழு. அன்றைக்கே போட்டோம். ஒன்றுதான் முளைத்தது. இலை விட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே போய்விட்டது. ஒரு காம்பில் இரண்டு பக்கமும் எதிரெதிராக இலை, கறிவேப்பிலையைப் பெரிதாக்கிப் பார்த்த மாதிரி. “உம்மா செடிக்குச் சொந்தக்காரச் செடி பாத்து அனுப்பிருக்கா” என்றார் பாய். அந்த வெள்ளியிலிருந்து சாம்பல் போடத் தொடங்கினார். தேங்காய்ச் சிரட்டையில் ஒரு சிரட்டை, சலித்துக் கல் பொறுக்கி.

அவர் அடுப்பில் கரி எரிவது ஒரு ஆளுக்குத்தானே, சாம்பல் பற்றவில்லை. நான் தெருமுனை டீக்கடையிலிருந்து டின்னில் வாங்கிப் போனேன். டீக்கடை கோ தெய்ன் விழுந்து விழுந்து சிரிப்பார். “ஒங்க கோயில் மொத்தத்துக்கும் நெத்தியில பூச நீதான் சப்ளையா, கோ ராமு?” ஒரு முஸ்லிம் வீட்டு மாடிக்கு என்று சொன்னேன். “அவங்களும் பூச ஆரம்பிச்சுட்டாங்களா!” என்று இன்னும் சிரித்தார்.

பாய் அந்தச் சமயத்தில் புதிதாகத் தொடுதிரைப் போன் வாங்கினார். படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கறிவேப்பிலை, புறா, பக்கத்து மாடியில் காயும் லுங்கி, எல்லாவற்றையும் பிடித்துப் பழகினார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “இது பூக்கும்ல? பூக்கட்டும். ஒரு படம் புடிச்சு அவளுக்கு அனுப்பிருவேன். பேச்செல்லாம் வேணாம் கோ ராமு. இத்தன வருசம் கழிச்சு என்னத்தப் பேசுறது? படம் போதும். அவளுக்குப் புரியும்.”

மணி, இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். எனக்கு அது ஒரு மரம். அவருக்கு அது எழுத முடியாத கடிதம். அதன் பிறகு நான் அதைத் தொட்டதெல்லாம் இரண்டு மடங்கு கவனமாகத் தொட்டிருக்க வேண்டும். நானோ இரண்டு மடங்கு சாம்பல் போட்டேன்.

இரண்டாம் வருடம் இடுப்பு உயரம் வந்தது. பெரிய தொட்டி வேண்டும். பாய் சமையலறையிலிருந்து ஒரு ஜாடியை உருட்டிக்கொண்டு வந்தார். த்வாண்டே ஊரில் செய்தது, கறுப்பு மெருகு போட்டது, வயிறு பெருத்து வாய் குறுகியது. அவர் மனைவி குடிதண்ணீர் பிடித்துவைத்த ஜாடி. மெருகு போட்ட ஜாடி மூச்சு விடாது, வாய் குறுகியதில் வைத்தால் பிறகு வேரோடு எடுக்க வராது. இது எனக்குத் தெரியும். செடி விற்கிற யாருக்கும் தெரியும். ஆனால் அவர் அதைத் துணியால் துடைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அடியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்று மரத்தின் பக்கம் பேசாமல் விட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

பிறகு மழை வந்தது. ரங்கூன் மழை உங்களுக்குத் தெரியும். கூரை இல்லாத மாடியில் நாள் முழுக்க ஊற்றும். ஊரில் உள்ள அத்தனை மரமும் பச்சை பிடித்து ஆடுகிற நேரத்தில், இது மட்டும் ஓரம் கருகி, மஞ்சளாகி, ஒவ்வொரு இலையாகக் கொட்டியது. இரண்டு வாரத்தில் மொட்டைக் குச்சி. எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? சாம்பல் மழையில் கரைந்து போயிருக்கும், இன்னும் போட வேண்டும் என்பது. ஒரு முழு டின்னைக் கொட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நடந்தது செல்விக்கு ஞாபகம் இருக்கும். அவள் அப்போது மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வந்தவள், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக் கேட்டாள். நான் கதையைச் சொன்னேன்.

“அந்தச் செடிக்குப் பேரு என்னப்பா?”

“பேரு யாருக்குத் தெரியும்? உறையில எப்பிடி வளக்கணும்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. ஆஷ், டிரை, சன்.”

அவள் போனைத் தட்டினாள். நான் பாயிடமிருந்து வாங்கி வைத்திருந்த இலைப் படத்தை அதோடு ஒட்டிப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்பா, ஆஷ்னா சாம்பலும்தான். ஆனா ஆஷ்னு ஒரு மரமே இருக்கு. இது அதுதான். மரத்தோட பேரத்தான் எழுதியிருக்காங்க.”

“சாம்பல் போடணும்னு இல்லையா?”

“இல்லப்பா. வறண்ட மலையில வளருமாம், மழையே அவ்வளவா இல்லாத எடம். வெள்ளையா கொத்துக் கொத்தாத் தொங்குமாம் பூ. பாருங்க, ரெண்டே ரெண்டு எதழ். தண்ணி நின்னா ஆவாதாம்.” இன்னும் கீழே தள்ளிப் படித்தாள். “இந்த வெத சில மாசம் குளிர்ல, ஈரத்துல கெடந்தாத்தான் மொளைக்குமாம். ஒங்க பாய் எப்பிடி மொளைக்க வச்சாரு?”

கோபத்தில் ஃப்ரிட்ஜில் போட்டு வைத்தாரே, அதனால்தான் முளைத்திருக்கிறது. ஆசையாகப் போட்ட சாம்பலால்தான் செத்துக்கொண்டிருக்கிறது.

“காலையில போய்ச் சொல்லிரலாம்ப்பா, நானும் வர்றேன்” என்று செல்வி சொன்னாள். நானும் சரி என்றேன். அது பொய், செல்வி. இதுதான் உனக்குத் தெரியாதது.

நான் சொல்லப் போவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். மரம் போவதைவிட அந்தச் சொல் போவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மகள் உம்மாவின் சாம்பலை மறக்கவில்லை என்று ஒரு மனிதர் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான், என் அரைகுறை இங்கிலீஷ். அதை எப்படித் திருப்பி வாங்குவது? பூச்சி விழுந்திருக்கிறது, மண் மாற்ற வேண்டும் என்று ஏதாவது சொல்லி, சாம்பலைக் கழுவிவிட்டு, இனி வேண்டாம் என்று நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அதனால்தான் காலையில் கட்டடத்து வாசலில் உன்னை நிறுத்தி, “ஒரு பை சரளைக்கல் வாங்கிட்டு வா” என்று அனுப்பினேன். கல்லும் வேண்டியிருந்தது. ஆனால் நீ பக்கத்தில் இருந்தால் பொய் வராது என்பதுதான் காரணம்.

நான் ஏறி முடித்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பாய் எனக்கு முன்னாலேயே மாடியில் நின்றார்.

“வந்தியளா? நானே கூப்புடலாம்னு இருந்தேன். குச்சியாப் போச்சே கோ ராமு.”

ஜாடிக்குள் பார்த்தேன். மேலே சாம்பல் சேறு மாதிரி படிந்து, அதன் மேல் ஒரு விரல்கிடை தண்ணீர் நின்றது. அடி ஓட்டையில் கம்பியை விட்டேன். போகவில்லை. சாம்பல் இறங்கிச் சாந்து பூசியது போல் அடைத்திருந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். மேலே காவி. நடுவிலும் காவி. ஜாடி வாய்க்கு இரண்டு விரல் மேலே மட்டும் லேசாகப் பச்சை.

“உசுரு இருக்கா?”

“இருக்கு பாய். அடியில இருக்கு.”

“ஹப்பா.” முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் சிரட்டையோடு வந்தார். “நேத்தே சலிச்சு வச்சுட்டேன். மழையில நனையாம மூடி வச்சிருந்தேன். அவ சொன்னதுல நம்ம கொற வைக்கக் கூடாதுல்ல.”

குனிந்து போடப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அத்தனை வருடத்தில் அந்த மனிதரை நான் தொட்டதே இல்லை.

அந்த இடத்தில் பூச்சி, மண் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. இந்தக் கையை இன்று தடுத்துவிடலாம். என் பொய்யை நம்பி அது நாளைக்கு வேறொன்றைப் போடும். என்னை நம்பித்தானே இதுவரை போட்டது?

“பாய், நான் தப்பாப் படிச்சுட்டேன். ஆஷ்ங்கிறது மரத்தோட பேரு. சாம்பல் போடச் சொல்லல.”

“என்னாது?”

“பேரத்தான் எழுதியிருக்காங்க. பேரு, காஞ்ச எடம், வெயில். அவ்வளவுதான். சாம்பல் நான் சொன்னது. அதுதான் ஓட்டைய அடைச்சிருக்கு.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சிரட்டையைக் கீழே வைத்தார். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

“அப்ப அவ உம்மாவ நெனச்சு எழுதல.”

“எனக்குத் தெரியல பாய். எழுதுனது மரத்தோட பேரு.”

“ம்.” சிரட்டையில் மழைத்துளி விழுந்து சாம்பல் குழிந்தது. “ரெண்டு வருசமா நான் ஒருத்தனே பேசிக்கிட்டு இருந்துருக்கேன்.”

அப்போதுதான் செல்வி, நீ சரளைக்கல் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாய். “என்ன மாமா, மழ விட்டுருச்சு, இன்னும் வாளி மேல குந்தியிருக்கீங்க?” என்று கேட்டாய். எங்கள் முகத்தைப் பார்த்தாய். நீயாகப் புரிந்துகொண்டு பையை மெதுவாக இறக்கினாய்.

பாய்தான் முதலில் பேசினார். “இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க. நீங்கதானே செடிக்காரர்.”

ஜாடியை உடைத்தால் வேர் அறுபடும். உடைக்காவிட்டால் அழுகும். மேலே எவ்வளவு வெட்டலாம், வேரைக் கழுவினால் தாங்குமா, மழை முடியும்வரை காத்திருக்கலாமா? நான் பார்த்தே இராத ஊரின் மரம். பேரையே தப்பாகப் படித்தவன் இன்னொரு முறை ஊகித்துக் கை வைக்கலாமா?

“எனக்குத் தெரியாது பாய்” என்றேன். “தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க. அவங்க ஊர் மரம் இது. அவங்களைக் கேக்கணும்.”

“நீங்க கேளுங்க.”

“கேக்குறேன். ஆனா எடுத்தவொடனே செடிக்காரன் பேசுனா அவங்க என்ன நெனப்பாங்க? வாப்பாவுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு பயந்துருவாங்க.”

அது அவருக்கு உறைத்தது. உள்ளே போய் உறையை எடுத்து வந்தார். எனக்கு என்றும் காட்டாத மடிப்பைப் பிரித்தார். மூன்று சொல்லுக்கும் கீழே ஒரு போன் நம்பர். இரண்டு வருடமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. செல்வி அதைப் பாயின் போனில் ஏற்றி, “பேச வேணாம்னா இத அழுத்திக்கிட்டு சொல்லுங்க மாமா, அவங்களுக்குப் போயிரும். அங்க இப்ப சாயங்காலம்தான்” என்றாள்.

பாய் போனை வாயருகே வைத்து இரண்டு முறை எடுத்துவிட்டார். மூன்றாம் முறை சொன்னார்.

“நூரு. வாப்பா. நீ குடுத்துவுட்ட மரத்துக்கு நான் சாம்பலப் போட்டுட்டேன். எல்லாம் கொட்டிப்போச்சு. அடியில உசுரு இருக்குன்னு சொல்றாங்க. என்ன செய்யணும்?”

அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. விரலை எடுத்ததும் அது போய்விட்டது. திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று செல்வி பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நான் கண்டிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி, அடை வைத்த முட்டையைப் பார்ப்பதுபோல் நின்றோம். பாய் டீ போடப் போனார், போடாமல் திரும்பி வந்தார். போன் சிணுங்கியது. செல்வி அழுத்தினாள்.

ஒரு பெண்குரல், பாதி அழுகை, பாதி சிரிப்பு.

“சாம்பலா? வாப்பா, உம்மா கறிவேப்பிலைக்குப் போடுற மாதிரியா போட்டீங்க? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமயா?”

பாய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது உடனே வந்தது. “எதுல வச்சிருக்கீங்க? தண்ணி நிக்குதா?”

“ஒங்க உம்மா ஜாடியில” என்றார் பாய். இந்த முறை தானே அழுத்தி அனுப்பினார்.

“ஒடைச்சிருங்க வாப்பா. ஜாடிய ஒடைங்க. உம்மா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாங்க. வேர் கறுத்தத மட்டும் வெட்டுங்க, வெள்ளையா இருக்கிறத வுட்டுருங்க. மண்ணு வேணாம், மணலும் கல்லும். மழ படாத எடம். நான் கேமராவுல வர்றேன், இருங்க, இருங்க, வச்சுராதீங்க.”

நான் சுத்தியலை எடுத்தேன். பாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரே அடி. த்வாண்டே ஜாடி மூன்று துண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே வேர் ஜாடியின் வடிவத்திலேயே, கறுப்பும் வெள்ளையுமாகச் சுருண்டு கிடந்தது. செல்வி போனைப் பிடித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து நூரு சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். “அது இல்லண்ணே, அதுக்குப் பக்கத்துல” என்று உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் என் கத்தியை நகர்த்தியது. என் வேலைக்காலத்தில் அதைப்போல் பயந்து பயந்து நிம்மதியாக நான் வெட்டியதில்லை.

மெருகு போடாத வாய் அகன்ற மண்தொட்டியில், செங்கல் மேல், தகரக் கூரைக்கு அடியில் வைத்தோம். மழை முடிந்து பனி தொடங்கும்போது பச்சை இருந்த இடத்தில் இரண்டு துளிர் வந்தது. முதல் துளிரை என்னைவிட முன்னால் நூருதான் கேமராவில் பார்த்தாள்.

இனி மணிக்கு.

இப்போது மரம் உன் தோள் உயரம் இருக்கிறது. இதுவரை பூக்கவில்லை. இந்த ஈரத்தில் பூக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே பாயிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல். கடைசியாகப் போனபோது, “மன்னிச்சுருங்க பாய், இந்த வருசமும் பூ காட்ட முடியல” என்றேன். அவர் சிரித்தார். “சும்மா இருங்க கோ ராமு. பூத்துட்டா அப்புறம் பூத்துச்சா பூத்துச்சான்னு கேக்க அவ எப்பிடி போன் பண்ணுவா?”

நூருவுக்குக் காகிதம் சரியாகிவிட்டதாம். பனிக்காலத்தில் வரலாம் என்று பாய் சொன்னார். வந்தால் அவள் கையால் ஒரு முறை வெட்டிவிடச் சொல். நாம் வெட்டுவதைவிட அது சரியாக இருக்கும்.

சாம்பல் சிரட்டை இன்னும் அங்கே இருக்கும், அது கறிவேப்பிலைக்கு. மரத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். புதிதாக எந்த வீட்டில் என்ன மரம் கொடுத்தாலும், பேரை வாசித்ததும் தெரிந்துவிட்டதாக நினைக்காதே. கொடுத்தவரைக் கேள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு ஒரு வீடும் போகவில்லை.

நோட்டில் லத்தாவுக்கு வியாழன் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை என்று எழுதிக்கொள், சாம்பல் போடுகிற நாள் அது. ஆனால் ஏறியவுடன் கதவைத் தட்டாதே. அந்த நேரத்தில் நூரு போனில் பேசிக்கொண்டிருப்பாள். ஐந்தாம் மாடிப் படியிலேயே கொஞ்சம் உட்கார். உனக்குக் கால் வலிக்காது என்றாலும் உட்கார். உள்ளே சிரிப்புச் சத்தம் நின்ற பிறகு தட்டு.